மிளகும் மொசைக் தரையும்

நாய்க்குட்டி வருகிறது என்றதும் பெல்ட், கிண்ணம், பொம்மை என்று வாங்கக் கிளம்பிவிடுவோம். அதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து வீட்டுத் தரையைப் பார்த்துவிடுவது நல்லது. குட்டி சரியான இடத்தில் மூத்திரம் போகப் பழகும்வரை, அடுத்த சில மாதங்கள் அதோடுதான் மல்லுக்கட்டப் போகிறோம்.

எங்களுடையது சென்னையில் எண்பதுகளில் கட்டிய ஃபிளாட், இரண்டாவது மாடி. ஹாலில் பழைய மொசைக். படுக்கையறைகளில் பிற்பாடு போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ். சமையலறை வாசலிலும் பால்கனி வாசலிலும் கடப்பாக் கல். மூன்றும் மூன்று ரகம். டைல்ஸுக்குள் எதுவும் இறங்காது, ஆனால் இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் ஜாயிண்ட் வெறும் சிமென்ட்; எதை ஊற்றினாலும் குடிக்கும். மொசைக் என்பது சிமென்டில் பதித்த சலவைக்கல் துண்டுகள். பாலிஷ் தேய்ந்த இடமெல்லாம் உறிஞ்சும். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு பட்டால் அரித்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நாய் மூத்திரத்துக்கு என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் வினிகர் என்பார்கள். வினிகர் நல்ல பொருள்தான். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூக்கைத் துளைக்கும் நெடி அதனுடையது. வினிகரில் உள்ள அமிலம் அதை அடக்கும். டைல்ஸ் மேல் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தாராளமாகத் தெளிக்கலாம். மொசைக்கிலும் கடப்பாவிலும் தெளித்தால் நாற்றத்தோடு சேர்ந்து பளபளப்பும் போய்விடும், வெளிறிய திட்டு அப்படியே நின்றுவிடும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று மூன்று மாதம் ஊறவைத்து வீட்டில் செய்கிற பயோ என்சைமும் புளிப்புத்தான். பாத்ரூம் டைல்ஸுக்குச் சரி. மொசைக் பக்கம் கொண்டு போக வேண்டாம்.

அடுத்தது பினாயில். அம்மாவைப் பொறுத்தவரை பினாயில் வாசனை வராத வீடு துடைக்காத வீடு. கறுப்பு பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. வெள்ளை பினாயிலில் பைன் எண்ணெய் இருக்கும். குட்டி நாள் முழுக்கத் தரையில் புரண்டு, அதே காலை நக்கிக்கொண்டிருக்கும். இரண்டுமே வயிற்றுக்குள் போகக் கூடாத சரக்கு. மூலையில் பாச்சா உருண்டை போட்டால் நாய் அண்டாது என்று ஒரு யோசனை சொல்வார்கள்; குட்டி அதை விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசலை மூத்திரத்தின் மேலேயே ஊற்றினால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்கிற புகை கிளம்பும், கண் எரியும், மூச்சு முட்டும். ஆக எல்லாம் பாத்ரூம் பரணுக்குப் போயின.

“அப்போ எதை வச்சுத்தான் துடைக்கிறது?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

எங்கள் குட்டியின் பெயர் மிளகு. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு தெருநாய் போட்ட குட்டிகளில் ஒன்று. பெட்டை. உடம்பு முழுக்கக் கறுப்பு, கால் நுனிகளில் மட்டும் பழுப்பு. பல்லைப் பார்த்துவிட்டு எட்டு வாரம் இருக்கும் என்றார் டாக்டர். அந்த மணலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பிறந்த குட்டிக்குத் தானாக மூத்திரம் போகக்கூடத் தெரியாது; தாய் நக்கிவிட்டால்தான் போகும். மூன்று வாரம் ஆனதும் படுக்கையை விட்டுத் தள்ளிப்போய் இருக்கத் தொடங்கும். படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யக் கூடாது என்கிற உணர்வு அப்போதே வந்துவிடுகிறது, நமக்குப் பாதி வேலை மிச்சம். ஏழு, எட்டு வாரத்தில் எந்த மாதிரித் தரையில் போவது என்கிற பழக்கமும் காலில் ஏற ஆரம்பித்துவிடும். சிமென்ட் தரையில் வளர்ந்தது சிமென்டைத் தேடும், புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும்.

அடக்கும் திறன் மட்டும் மெதுவாகத்தான் வரும். பொதுவாகச் சொல்லும் கணக்கு: எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அதிகபட்சம் அத்தனை மணி நேரம் தாங்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால். ஓடி விளையாடினால் அரை மணிக்கு ஒரு தடவைகூட வரும். தூக்கத்தில் சிறுநீர் சுரப்பது குறையும், அதனால் இரவில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஓரளவு நம்பும்படி அடக்க நாலு முதல் ஆறு மாதம் ஆகிவிடும். அதற்கு முன்னால் தரையில் போவதை விஷமம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. மூத்திரப்பை நிறைந்தது, வழிந்தது, அவ்வளவுதான்.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரை ஃபிரிட்ஜ் பக்கத்தில் மாட்டி, பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டோம். யார் கண்ணில் பட்டாலும் எழுத வேண்டும்: மணி, இடம், அதற்கு முன்னால் குட்டி என்ன செய்துகொண்டிருந்தது. வெளியில் சரியான இடத்தில் போனால் ஒரு டிக். என் மகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப் போனது. “அம்மா போன் பேசிட்டு இருந்தாங்க” என்று வாக்குமூலம் வேறு எழுதுவாள்.

ஒரு வாரம் போனதும் அந்தத் தாளில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தூங்கி எழுந்த உடனே. சாப்பிட்டுப் பத்து, பதினைந்து நிமிடத்தில். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது. இந்த மூன்றும் எல்லாக் குட்டிக்கும் பொது, புத்தகத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டுக்கென்று தனியாக இருந்தது வேறு இரண்டு. ஒன்று, காலை எட்டிலிருந்து ஒன்பது: டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், ஆபீஸ் என்று ஆளாளுக்கு ஓடும் நேரம். இன்னொன்று இரவு ஒன்பதரையைச் சுற்றி. முதலாவதன் காரணம் வெளிப்படை, அந்த நேரத்தில் குட்டியை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவதற்குக் காரணம் பால் சோறு. அம்மா அன்பு மிகுதியில் இரவு எட்டரைக்குப் பாலில் கரைத்த சோறு கொடுத்துக்கொண்டிருந்தார். சோற்றிலேயே பாதிக்கு மேல் தண்ணீர், அதில் பால் வேறு. பால்குடி மறந்த குட்டிகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிறும் இளகும். இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு இழுத்து, பாலை நிறுத்தி, சோற்றோடு வேகவைத்த கோழியும் கேரட்டும் என்று மாற்றியதும் ஒன்பதரைக் கட்டம் காலியானது. குடிக்கிற தண்ணீரை மட்டும் குறைக்கவில்லை. சென்னை வெயிலில் குட்டிக்குத் தண்ணீரைக் குறைப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

காலை எட்டு மணிக்குத்தான் கயிறு. ஆறடிக் கயிற்றின் ஒரு முனை பெல்ட்டில், இன்னொரு முனை வீட்டில் அப்போது சற்று நிதானமாக இருப்பவர் இடுப்பில். பெரும்பாலும் அப்பா. அவர் பேப்பர் படித்தால் மிளகு காலடியில், அவர் எழுந்து காபி டம்ளரை வைக்கப் போனால் பின்னாலேயே. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் குட்டி போக முடியாது. அது போக முடியாவிட்டால் சோபாவுக்குப் பின்னால் குட்டையும் இருக்காது.

கூண்டு பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதம். “புள்ளையைக் கூண்டுல அடைக்கிறதா?” என்று அம்மாவும் மகளும் ஒரே கட்சி. கடைசியில் இரவுக்கு மட்டும் என்று உடன்பாடு. கூண்டு வாங்கும்போது அளவு முக்கியம்: நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். பெரியநாய் ஆகும்போதும் உதவட்டும் என்று பெரிதாக வாங்கினால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் எதிர் மூலையைக் கழிப்பறையாகவும் பிரித்துக்கொள்ளும். நாங்கள் பெரியதையே வாங்கி, நடுவில் ஒரு பிளைவுட் பலகையை ஒயரில் கட்டித் தடுத்தோம்; குட்டி வளர வளரப் பலகை பின்னால் நகர்ந்தது. கூண்டை என் கட்டில் பக்கத்திலேயே வைத்ததால் இரவில் முனகினால் கேட்டுவிடும். ஆரம்பத்தில் இரண்டரைக்கு அலாரம். பிறகு சில நாளுக்கு ஒரு முறை கால் மணி தள்ளித் தள்ளி, அது காலை ஐந்தில் போய் ஒட்டிக்கொண்டது.

எழுப்பி எங்கே கொண்டு போவது என்பதுதான் அடுக்குமாடிக்காரர்களின் உண்மையான பிரச்சினை. தெருவுக்கு இறக்க முடியாது. குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்துச் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, பதினாறு வாரம் தாண்டிய பிறகுதான் முழுப் பாதுகாப்பு என்று நம்பலாம். அதுவரை தெரு வேண்டாம் என்றார் டாக்டர். மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அது வடாம் காயும் காலம். மேல்வீட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வேட்டி விரித்து வடாம் பிழிந்திருந்த பக்கமாக மிளகு மூக்கை நீட்டியபோது அவர் பார்த்த பார்வை போதும்.

பேப்பர் விரிக்கும் முறையைப் பலர் சொல்வார்கள். ஒரு அறைக்குள் மட்டும் வளரப் போகும் சின்ன ஜாதி நாய்க்கு அது சரியாக வரும். எங்கள் வீட்டில் வராது என்பதற்கு அப்பாவே காரணம். அவர் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நாற்காலியைச் சுற்றித் தரையில் பரப்பித்தான் படிப்பார். பேப்பர் என்றால் கழிப்பறை என்று குட்டிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, தலையங்கப் பக்கத்துக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது.

அப்போதுதான் மணல் நினைவுக்கு வந்தது. காலண்டரில் இடங்களை எழுதிப் பார்த்ததில் மிளகு டைல்ஸில் அவ்வளவாகப் போகவில்லை. தேங்காய் நார் கால்மிதி, துளசித் தொட்டிக்கு அடியில் சிந்திய மண், மாப்பின் நூல். காலுக்கு அடியில் சொரசொரப்பாக, ஈரத்தை இழுத்துக்கொள்வதாக எது இருக்கிறதோ அங்கேதான். மணலில் பிறந்தவள் மணலைத் தேடுகிறாள். சரி, மணலையே கொடுத்துவிடுவோம் என்று பால்கனியில் ஒரு தொட்டி கட்டினோம்.

இரண்டடிக்கு மூன்றடி, நாலு இஞ்ச் ஆழத்தில் செவ்வகப் பிளாஸ்டிக் தட்டுத் தொட்டி ஒன்று செடிக் கடையில் கிடைத்தது. ஒரு பக்கச் சுவரில், அடிமட்டத்தை ஒட்டி ட்ரில் போட்டு அரை இஞ்ச் நிப்பிள் (ஹோஸ் சொருகும் குட்டிக் குழாய்) பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் வாஷர் வைத்து இறுக்கினேன். எதிர்ப்பக்கத்துக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டுகள் இரண்டை முட்டுக் கொடுத்ததில் தண்ணீர் நிப்பிள் பக்கம் வாட்டமாக ஓடியது. அடியில் ஒரு இஞ்ச் சிப்ஸ் ஜல்லி. அதன் மேல் பச்சை ஷேட் நெட் வலையை இரண்டாக மடித்து விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி ஓட்டையை அடைக்கும். வலை மேல் இரண்டு இஞ்ச் மணல். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம், அதில் கல்தூள் அதிகம், ஈரம் பட்டால் கட்டி தட்டும். சலித்த ஆற்று மணல் ஒரு சாக்கு ஹார்டுவேர் கடைக்காரர் தேடிக் கொடுத்தார். பாதி மணலை அப்படியே விட்டு, மறுபாதி மேல் கொரியன் புல் பத்தை ஒன்றைப் பதித்தேன். பின்னால் தெருவுக்குப் போகும்போது புல்லும் பழகியிருக்கட்டும் என்று.

வடிகிற தண்ணீரை எங்கே விடுவது? பால்கனி ஓட்டை பக்கத்திலேயே இருக்கிறது, கை அங்கேதான் போகும். அந்த ஓட்டையிலிருந்து போகும் குழாயை ஒரு தடவை கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து நிறைய வீடுகளில் அந்தக் குழாய் நேராகச் சேகரிப்புக் குழிக்கோ கிணற்றுக்கோதான் போகிறது. எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். ஆகவே நிப்பிளில் ஒரு ஹோஸ் துண்டைச் சொருகி, மூடி போட்ட காலிப் பெயிண்ட் வாளிக்குள் விட்டேன். தினமும் மாலை இரண்டு சொம்புத் தண்ணீரை மணலில் ஊற்றி அலசி, வாளியை டாய்லெட்டில் கொட்டிவிடுவது. வெயிலில் மத்தியானமே வாளி நெடி வீசும். அடியில் அரை டம்ளர் வினிகர் ஊற்றி வைத்தால் அம்மோனியா எழும்பாது. மொசைக்கில் மறுத்த வினிகருக்கு இங்கே வேலை கிடைத்தது.

தொட்டி தயாரானதும் மிளகு மூத்திரத்தைத் துடைத்த பழைய துணியை ஒரு பகல் மணல் மேல் போட்டு வைத்தோம். வாசனை பேசட்டும் என்று. அடுத்து தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் விட்டேன். முகர்ந்தாள், ஒரு சுற்று சுற்றினாள், உட்கார்ந்தாள். வீடே கைதட்டியதில் பயந்துபோய் பாதியில் எழுந்து ஓடிவந்துவிட்டாள், மிச்சம் கடப்பா வாசலில். அதற்கப்புறம் கைதட்டுவதில்லை.

தூக்கிக்கொண்டு போவதற்கு முன் கிடைக்கும் நேரம் மூன்று நான்கு விநாடிதான். அதற்குள் அடையாளம் பிடிக்க வேண்டும். விளையாடிக்கொண்டிருக்கும் குட்டி காரணமில்லாமல் பொம்மையைப் போட்டுவிட்டு விலகும். மூக்கு தரையை ஒட்டி இறங்கும். நடை நேர்கோடாக இருக்காது, சின்ன வட்டமாகும். பெட்டைக் குட்டிக்குப் பின்னங்கால் லேசாக அகன்று, வாலின் அடிப்பகுதி விறைக்கும். வால் விறைத்துவிட்டால் ஓடிப் பயனில்லை. வட்டம் ஆரம்பிக்கும்போதே வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்; தூக்கினால் பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும்.

தொட்டியில் விட்டதும் “மூச்சா போ” என்று ஒரே குரலில் ஒரே வார்த்தை. ஆள் ஆளுக்கு ஒன்று சொன்னால் குட்டி குழம்பும். என் மனைவி ‘உச்சா’ கட்சி, பேசிச் சமாதானம் செய்தோம். போய் முடித்த அந்த விநாடியே, தொட்டியிலேயே, சுண்டைக்காய் அளவு வேகவைத்த கோழி ஈரல். உள்ளே கூட்டி வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் அதற்குப் புரியும். முடித்த உடனே உள்ளே இழுத்து வரவும் கூடாது. மூச்சா போனால் வேடிக்கை முடிந்துவிடும் என்று தெரிந்தால் அடக்கி அடக்கி வைத்து, ஹாலுக்கு வந்து போகும். இரண்டு நிமிடம் பால்கனிக் கம்பி வழியாகக் காக்காயைப் பார்க்க விட வேண்டும்.

திட்டுவது, மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் ஊரில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் போனதற்கு இப்போது அடித்தால் நாய்க்கு எதற்கென்று தெரியாது. போகும்போதே அடித்தால் அது படிக்கும் பாடம் வேறு: மனிதர் முன்னால் போனால் ஆபத்து. அப்புறம் கட்டிலுக்கு அடியில், பீரோ சந்தில் என்று ஒளிந்து போகும். நாம் தொட்டியில் விட்டுப் பக்கத்தில் நின்றாலும் போகாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். புதிதாகப் போனதை முதலில் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பழைய பனியன் துணியைப் போட்டுக் குதிகாலால் அழுத்தினால் பாதிக்கு மேல் வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. எலிக்காய்ச்சல் கிருமி நாய் மூத்திரம் வழியாக மனிதருக்கு வரக்கூடியது, கையில் கீறல் இருந்தால் இன்னும் சுலபம். பிறகு வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு. அதற்கு மேல், செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் கிளீனர். மூத்திரத்தில் இருக்கும் பொருட்களையே சிதைப்பதால், நாய் மூக்குக்கும் அங்கே ஒன்றும் மிஞ்சாது. நாம் வாசனை போட்டு மறைத்தால் நம் மூக்கு மட்டும்தான் ஏமாறும். கிளீனருக்கு நேரம் வேண்டும்: தெளித்து உடனே துடைத்தால் காசு தண்டம். கால் மணி நேரமாவது ஈரமாகவே இருக்க வேண்டும். மொசைக்கில் பாலிதீன் கவரைப் போட்டு மூடிவைத்தேன், ஃபேன் காற்றில் காயாமல் இருக்க. பினாயில் போட்ட இடத்தில் இதைப் போட்டால் வேலை செய்யாது, முதலில் தண்ணீரில் நன்றாகக் கழுவியாக வேண்டும்.

மொசைக்கில் ஏற்கெனவே ஊறிப்போன இடத்துக்கு ஆப்ப சோடாவைத் தோசை மாவுப் பதத்தில் குழைத்து அப்பி, இரவு முழுக்க விட்டுக் காலையில் சுரண்டி எடுத்தேன். காயும்போது உள்ளே இருப்பதையும் மேலே இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சுற்று தேவைப்பட்டது. மஞ்சள் நிழல் கொஞ்சம் நிற்கிறது, நாற்றம் இல்லை.

எங்கே ஊறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அல்ட்ரா வயலட் டார்ச். ரூபாய் நோட்டுப் பார்க்க விற்கும் சின்ன டார்ச்சே போதும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுத் தரையை ஒட்டிப் பிடித்தால் காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். முதல் முறை அடித்தபோது பூஜை அலமாரிக்குக் கீழே தரை பளீரென்று ஒளிர்ந்தது. அம்மா நெஞ்சில் கைவைத்துவிட்டார். முகர்ந்து பார்த்தால் மஞ்சள் பொடி. மஞ்சளில் இருக்கும் குர்குமின் இந்த ஒளியில் மூத்திரத்தைவிட அமர்க்களமாக மின்னும். சமையலறை மேடை, வாசல்படி, சாம்பார் சிந்திய மேஜைக்கால், எல்லாம் குற்றவாளிகள் போலத் தெரிந்தன. துணி சோப்புத் தூள் சிந்திய இடம் நீல வெள்ளையாக மின்னும். எனவே தமிழர் வீட்டில் டார்ச்சை நம்புவதற்கு முன் மூக்கை வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது.

உண்மையான குற்றவாளி பால்கனி வாசலை ஒட்டிய டைல்ஸ் ஜாயிண்ட். கதவு திறக்கக் காத்திருந்த இடத்தில் பல தடவை போயிருக்கிறாள். என்சைம் ஊற்றியும் மழை மூட்டம் போட்டால் நெடி வந்தது. பழைய ஆக்சா பிளேடை உடைத்துத் துணி சுற்றிப் பிடித்து, ஜாயிண்டில் இருந்த சிமென்டை மூன்று மில்லி ஆழம் சுரண்டி எடுத்தேன். எடுத்த தூளே நாறியது. கழுவி, ஒரு நாள் ஃபேன் வைத்துக் காயவிட்டு, எபாக்ஸி கிரௌட் என்கிற பிசின் கலவையை நிரப்பினேன். இரண்டு டப்பாவைக் கலந்த பிறகு அரை மணி, முக்கால் மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே புத்திசாலித்தனம். ரப்பர் கத்தியால் அழுத்தி நிரப்பி, இறுகுவதற்குள் ஈர ஸ்பாஞ்சால் மேலே வழித்துவிட வேண்டும். டைல்ஸ் மேல் படிந்து காய்ந்துவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. இறுகிய எபாக்ஸி எதையும் குடிக்காது. அந்த வாசலில் அதோடு நெடி நின்றது.

இவ்வளவும் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது திருநெல்வேலியிலிருந்து மாமா வந்தார். கணீர்க் குரல். வாசலில் நின்றபடியே “எங்கவே அந்தக் கறுப்பி?” என்று குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். மிளகு காதை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, வாலை ஆட்டிக்கொண்டே அவர் செருப்பில் போய்விட்டாள். “என்ன மருமவனே, வந்ததும் வராததுமா அபிஷேகமா நடக்கு?” என்றார். இது பழக்கக் குறைவு கிடையாது. பணிவு காட்டும் வழி அது, அவளாக அடக்கவும் முடியாது. திட்டினால் இன்னும் பணிந்து இன்னும் போவாள். வருகிறவர்கள் முதல் ஐந்து நிமிடம் அவளைக் கண்டுகொள்ளக் கூடாது, நேராகக் கண்ணைப் பார்க்கக் கூடாது, மேலே குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து தாடைக்குக் கீழே தடவ வேண்டும் என்று விதி வைத்தோம். மாமா உட்பட எல்லோரும் ஒத்துழைத்தார்கள். வளர வளரத் தானாகவும் குறைந்தது.

இன்னொன்றும் பயிற்சியில் சேராது. நன்றாகப் பழகிவிட்ட பிறகு, திடீரென்று அடிக்கொரு தடவை உட்கார ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் சில சொட்டுத்தான். முடிந்ததும் அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருந்தாள். பெட்டைக் குட்டிகளுக்குச் சிறுநீர்ப்பாதை தொற்று சாதாரணமாக வரும். டாக்டர் மூத்திரம் பிடித்து வரச் சொன்னார், காலை முதல் மூத்திரம், ஒரு மணி நேரத்துக்குள். கிண்ணத்தைக் கொண்டு போனால் பயந்து நகர்கிறாள். குழம்புக் கரண்டியை ஒட்டடைக் குச்சியில் டேப் சுற்றிக் கட்டி, அவள் உட்கார்ந்ததும் பின்னாலிருந்து மெதுவாக அடியில் நீட்டிப் பிடித்தேன். டாக்டருக்குத் திருப்தி. அம்மாவுக்கு இல்லை, அந்தக் கரண்டி இப்போது தோட்ட வேலைக் கரண்டி. தொற்றுதான் என்று உறுதியாகி மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் சரியானது போலத் தெரியும், சொன்ன நாள் வரை மாத்திரையை முடித்தாக வேண்டும். எந்நேரமும் சொட்டுச் சொட்டாக, தூக்கத்தில்கூட ஒழுகிக்கொண்டே இருந்தால் அது வேறு. பிறவியிலேயே சிறுநீர்க் குழாய் இடம் மாறி இணைந்திருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டிய விஷயம்.

தடுப்பூசிகள் முடிந்து தெருவுக்கு இறங்கியபோது, தொட்டியில் பதித்திருந்த புல் கைகொடுத்தது. மூலை மனையின் அருகம்புல்லைக் கண்டதும் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். அதன் பிறகு பால்கனித் தொட்டியைத் தூக்கிவிடலாம் என்று என் மனைவி சொன்னாள். ஐப்பசி பிறந்ததும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை பெய்தால் மிளகு வாசல் தாண்ட மாட்டாள்; காலை நனைத்துக்கொள்வது அவளுக்குப் பிடிக்காது. தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்குத் தெருப் பக்கமே வர மறுத்தாள். அந்த நாட்களில் தொட்டிக்கு மேலே ஷேட் நெட்டை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைப் போட்டிருக்கிறோம். புல் பத்தை மூத்திரத்தின் உப்பிலும் நைட்ரஜனிலும் மஞ்சளாகிக் கருகிவிடுகிறது, அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை புல்லையே விட்டுவிட்டு முழுக்க மணலாகப் போடலாம் என்றிருக்கிறேன். ஆற்று மணல் இன்னொரு சாக்குக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று.